கூடாரத்தில் ஓர் இரவு: இயற்கையில் ஆன்மிகத் தெளிவு தேடுவோர் கேட்கும் கேள்விகள்

கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்களில் பலருக்கு அது ஓய்வு. சிலர் அதற்கு மேலும் ஒன்றை எதிர்பார்த்துப் போகிறார்கள். மனம் ஒடுங்க வேண்டும், வறண்டுபோன பிரார்த்தனை மீண்டும் ஊற வேண்டும், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட ஒரு முடிவு தெளிய வேண்டும் என்று நினைத்துப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரே இடத்தில் ஓர் இரவும் பகலும் முழுதாக இருந்து பார்ப்பதற்கு நிகரான பயிற்சி வேறு இல்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. பதில்கள் அனைத்தும் அதிலிருந்தே வருகின்றன.

பகலில் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாமே, இரவு தங்கத்தான் வேண்டுமா?

தங்க வேண்டும். காலை பத்து மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர் அந்த இடத்தின் ஒரு முகத்தை மட்டுமே பார்க்கிறார். தமிழ் இலக்கண மரபு ஒரு நாளின் 60 நாழிகைகளை மாலை, யாமம் (நள்ளிரவு), வைகறை, காலை, நண்பகல், எற்பாடு (பிற்பகல்) என்று ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தது. ஒவ்வொன்றும் 10 நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். மலைக்கு யாமம், காட்டுக்கு மாலை, வயலுக்கு வைகறை, கடற்கரைக்கு எற்பாடு என்று நிலத்தோடு பொழுதைப் பிணைத்து, இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்றார்கள். எந்த நிலத்தையும் அதற்குரிய பொழுதில் பார்த்தால்தான் அது பிடிபடும் என்று அறிந்தவர்கள் வகுத்த முறை அது. பகல் பயணிக்குக் கிடைக்காமல் போகும் பொழுதுகளில் யாமமும் வைகறையும் அடங்கும். மனம் இளகுவது பெரும்பாலும் அந்த இரண்டு பொழுதுகளில்தான்.

சூரியன் மறைந்தவுடன் இருட்டிவிடுவதில்லை. அது அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கிய பிறகுதான் வானம் முழுமையாகக் கறுக்கும். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் நிறங்கள் ஒவ்வொன்றாக விடைபெறும். சிவப்பு முதலில் மங்கிக் கறுப்பாகும். நீலமும் பச்சையும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். பறவைகள் அடங்கும், பூச்சிகள் தொடங்கும். மலைச்சரிவாக இருந்தால், பகலெல்லாம் மேல்நோக்கி ஏறிய காற்று திசை மாறிக் கீழே இறங்குவதைத் தெளிந்த நாளில் முகத்திலேயே உணரலாம். வீட்டில் விளக்கைப் போட்டு இந்த ஒரு மணி நேரத்தை ஒரே நொடியில் தாண்டிவிடுகிறோம். கூடாரத்தில் தங்குகிறவர் அதை முழுதாக வாழ்ந்து கடக்கிறார். இருள் தன்மேல் படிந்து முடிவதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த ஒருவருக்கு, நாள்தோறும் எவ்வளவு பெரிய ஒன்று தன்னைச் சுற்றி நடக்கிறது என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. எனக்கும் இதில் ஏதாவது உண்டா?

நிச்சயமாக உண்டு. டேக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் பெருவியப்பு என்ற உணர்வை ஆராய்ந்து, அதற்கு இரண்டு அடையாளங்களைச் சொன்னார்கள். நம்மைவிட மிகப் பெரிய ஒன்றின் முன் நிற்பது ஒன்று. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணச் சட்டகத்துக்குள் அது அடங்காததால் அந்தச் சட்டகத்தையே மாற்றிக்கொள்ள நேர்வது மற்றொன்று. இந்த அனுபவத்துக்குள் நுழைய யாரும் மத அடையாளம் கேட்பதில்லை. பக்தர் அதை அருள் என்பார். நீங்கள் வேறு பெயர் வைக்கலாம், பெயரே வைக்காமலும் இருக்கலாம். வந்ததைச் சிறுமைப்படுத்தாமல் ஏற்றுக்கொண்டால் போதும்.

ஞானம் பெற்றவர்களின் வரலாறுகளில் காடும் மலையும் பாலைவனமும் திரும்பத் திரும்ப வருகின்றனவே, ஏன்?

புத்தர் கயைக்கு அருகே அரச மரத்தடியில் அமர்ந்தார். நபிகள் நாயகம் மக்காவுக்கு வெளியே ஹிரா குகையில் தனித்திருந்தபோது முதல் வேத வெளிப்பாடு வந்தது என்பது இஸ்லாமிய வரலாறு. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வனத்து அந்தோணியார் என்று அழைக்கும் எகிப்தியத் துறவி பாலைவனத்தில் வாழ்ந்தவர். வேதங்களின் ஒரு பகுதிக்கு ஆரணியகம் என்று பெயர். காட்டில் ஓதப்பட்டவை என்பதால் வந்த பெயர் அது. விவிலியத்தில் எலியா என்ற இறைவாக்கினர் ஓரேபு மலையில் நிற்கும்போது முதலில் பெருங்காற்றும், பிறகு நிலநடுக்கமும், பிறகு தீயும் வருகின்றன. அவை எதிலும் இறைவன் இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு வந்த மெல்லிய ஒலியைக் கேட்டுத்தான் அவர் முகத்தை மூடிக்கொண்டு குகை வாயிலுக்கு வருகிறார்.

இந்த இடங்களில் பலவற்றைச் சுற்றுலாப் பயணி அழகான இடம் என்று சொல்லமாட்டார். வறண்ட குகையையும் மணல்வெளியையும் தேடிப் போய் யாரும் படம் எடுத்து மாட்டுவதில்லை. அங்கே கிடைத்தவை தனிமையும் குறைவான உடைமைகளும்தான். இடத்தின் அழகைவிட அங்கே நம்மிடம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

யூதர்களின் கூடாரப் பண்டிகையில் இதே எண்ணம் ஒரு வழிபாடாகவே இருக்கிறது. எகிப்திலிருந்து வெளியேறிய முன்னோர்கள் கூடாரங்களில் வாழ்ந்ததை நினைத்து, ஆண்டுதோறும் ஏழு நாட்கள் தற்காலிகக் குடிலில் தங்குகிறார்கள், அல்லது அங்கே உணவு உண்கிறார்கள். அதன் கூரை தழையாலும் கிளையாலும் வேயப்பட வேண்டும். அதன் இடைவெளியில் நட்சத்திரங்கள் தெரிவது சிறப்பு. மழை வந்தால் ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து நன்றி சொல்வதற்கென்றே ஒரு திருநாள்! எனக்கு மிகவும் பிடித்த வழிபாடுகளில் இது ஒன்று.

எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

புகழ்பெற்ற இடம் தேவையில்லை. எளிதில் போய்ச் சேரக்கூடிய, தங்க அனுமதி உள்ள, வாகன இரைச்சல் குறைவான இடமே போதும். அனுமதி பற்றி வனத்துறையிடமோ பூங்கா நிர்வாகத்திடமோ நிலத்தின் உரிமையாளரிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். யாராவது வந்து எழுப்புவார்களோ என்ற கவலையோடு படுத்தவருக்கு எந்தத் தெளிவும் வராது.

கூடாரம் அடிக்கும் முன் மேலே பாருங்கள். காய்ந்த கிளை தலைக்கு மேல் இருந்தால் அந்த மரத்தடி வேண்டாம். வறண்ட ஆற்றுப்படுகை சமமாகவும் மெத்தென்றும் இருக்கும். ஆனால் நீங்கள் காணாத தொலைவில் பெய்த மழை இரவில் வெள்ளமாக வந்து சேரலாம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தேங்கும். சற்று மேட்டில் தங்கினால் கதகதப்பு கூடும். தெளிந்த இரவில் வெட்டவெளியில் பனி அதிகம் இறங்கும், மரக்கூரையின் கீழ் குறையும். நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளித் தங்குங்கள். நீர் தூய்மையாக இருப்பதற்கும், இரவில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளின் வழியை மறிக்காமல் இருப்பதற்கும் அது வேண்டும்.

இன்னும் ஒன்று. காலையில் முதல் வெயில் எங்கே விழும் என்று பார்த்துக் கூடாரத்தின் வாயிலை அமையுங்கள். படுத்தபடியே கிழக்கைப் பார்க்க முடிந்தால் வைகறையில் எழுவதற்கு மன உறுதி எதுவும் தேவைப்படாது.

எத்தனை நாள் தங்கினால் பலன் தெரியும்?

குறைந்தது இரண்டு இரவுகள் என்பேன். முதல் இரவில் உடல் புதிய தரையையும் புதிய ஓசைகளையும் பழகிக்கொள்கிறது. தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். அந்த இரவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் நாள் பிற்பகலில் பெரும்பாலானவர்களிடம் ஒரு மாற்றம் தெரியும். பேச்சு குறைகிறது, நடை நிதானமாகிறது, கடிகாரத்தைப் பார்ப்பது தானாக நிற்கிறது.

இதில் உடலியலும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ரைட் தலைமையிலான குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேர் ஒரு கோடை வாரத்தை ராக்கி மலைப்பகுதியில் மின்விளக்கே இல்லாமல், சூரிய ஒளியும் முகாம் தீயும் மட்டும் கொண்டு கழித்தார்கள். தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகத் தொடங்கியது. உடலின் இரவு சூரிய மறைவோடு பொருந்திவிட்டது. அதே குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வார இறுதி மட்டும் தங்கியவர்களிடமே இந்த மாற்றத்தின் பெரும்பகுதி தெரிந்தது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் கூடாரத்தில் இரண்டாவது இரவு தூங்கிய எவரும் இதை உடலால் உணர்ந்திருப்பார். பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்று வீட்டில் அலாரம் வைத்துப் போராடுகிறவர்கள் அங்கே அலாரம் இல்லாமலே எழுவதற்கு இதுதான் காரணம்.

போய்ச் சேர்ந்த பிறகு என்னதான் செய்வது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தவிப்பு இருக்கிறது. வேலையில்லாத நேரத்தைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமானதுதான். முதல் சில மணி நேரம் உண்மையிலேயே சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பை எதைக் கொண்டும் நிரப்பாமல் விட்டுவிடுங்கள். கூடாரம் அடிப்பது, தண்ணீர் கொண்டுவருவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது ஆகிய வேலைகளே ஒரு நாளுக்குப் போதுமானவை. அவற்றை மெதுவாகச் செய்யுங்கள். மீதி நேரத்தில் ஓரிடத்தில் உட்காருங்கள்.

உட்கார்ந்து என்ன பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு பயிற்சிகள் சொல்கிறேன்.

முதலாவது வைகறைக்கு உரியது. கூடாரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றில் பனித்துளிகள் வரிசையாகத் தொங்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணை அதன் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். துளிக்குள் எதிரே உள்ள மரங்களும் வானமும் தலைகீழாகத் தெரியும். வெயில் அதன்மேல் விழுந்ததும் தலையைச் சற்று இடமும் வலமும் அசையுங்கள். வெள்ளையாக மின்னிய துளி ஒரு கோணத்தில் நீலமாகும், இன்னொரு கோணத்தில் பச்சையாகும், பிறகு செம்மஞ்சள் ஆகும். வானவில் உண்டாகும் விதி அந்த ஒற்றைத் துளிக்குள்ளும் இயங்குகிறது. சற்று நேரத்தில் இரண்டு துளிகள் ஒன்றாகிக் கனம் தாங்காமல் கயிற்றின் சரிவில் ஓடி, வழியில் உள்ளவற்றையும் சேர்த்துக்கொண்டு கீழே விழும். வெயில் ஏறினால் அரை மணி நேரத்தில் கயிறு உலர்ந்துவிடும். நிலையாமை பற்றி எத்தனையோ நூல்கள் சொல்வதை நான் உணர்ந்து ஏற்றுக்கொண்டது இப்படிப்பட்ட காலைகளில்தான்.

இரண்டாவது பயிற்சி யாமத்துக்கு உரியது. ஒரு மரக்கிளைக்கு அருகில் தெரியும் நட்சத்திரத்தைத் தேர்ந்து, தலையை அசைக்காமல் மரத்தில் சாய்ந்துகொண்டு கவனியுங்கள். சில நிமிடங்களில் அந்த நட்சத்திரம் கிளைக்குப் பின்னால் போய் மறையும். நகர்ந்தது நட்சத்திரம் இல்லை. நீங்கள் சாய்ந்திருக்கும் மரமும் மலையும் நீங்களும் சேர்ந்து சுழன்றீர்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை என்பதால், ஒரு மணி நேரத்தில் வானம் ஒன்றரை முஷ்டி நகரும். பூமி சுழல்கிறது என்று பள்ளியில் படித்தது எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்கள் அந்தக் கணத்தில் தரையைக் கையால் பற்றிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

தியானம் செய்ய உட்கார்ந்தால் வீட்டில் இருப்பதைவிட மனம் அதிகமாக அலைகிறதே?

கண்ணை மூடாதீர்கள். வீட்டில் கண்ணை மூடுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே கண் திறந்திருப்பதுதான் தியானம்.

ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் என்ற ஆய்வாளர்கள் 1980-களில் வளர்த்தெடுத்த கருத்து ஒன்று இதற்கு உதவும். வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும் இயல்புடையது. அலுவலக வேலையும் போக்குவரத்தும் அதைத் தீர்த்துவிடுகின்றன. அசையும் இலைகள், ஓடும் நீர், நகரும் மேகம் ஆகியவை நம் முயற்சி இல்லாமலே கவனத்தை மெல்ல ஈர்க்கின்றன. அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வு பெற்றுத் திரும்புகிறது என்றார்கள் அவர்கள். எனவே மூச்சை எண்ணிப் போராடுவதை முதல் நாள் விட்டுவிட்டு, நீரோடைக்கு எதிரே உட்காருங்கள். மனம் அலைந்தால் அலையட்டும். தண்ணீர் அதைத் திரும்பக் கூட்டிவரும். உங்கள் வழக்கமான ஜெபமோ தொழுகையோ நாமாவளியோ உண்டென்றால் அதை நேரம் தவறாமல் செய்யுங்கள். புதிய இடத்தில் பழைய சொற்கள் வேறு கனத்தோடு ஒலிக்கும்.

கைபேசி?

அவசரத்துக்கு வேண்டும். அணைத்துப் பையின் அடியில் வையுங்கள். படம் எடுக்க வேண்டும் என்றால் கிளம்பும் நாளில் எடுங்கள்.

நட்சத்திரங்களைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமி நிலவு சூரியன் மறையும் நேரத்தில் எழுந்து விடியும்வரை இருப்பதால் மங்கலான விண்மீன்கள் அனைத்தும் மறைந்துபோகும். நிலவொளியில் காடு பார்ப்பது தனி அனுபவம். அதற்கென்றே வேறொரு முறை போக வேண்டும்.

கண் இருளுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை டார்ச்சை ஏற்றாதீர்கள். ஒரு முறை வெள்ளை ஒளி கண்ணில் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மங்கிய சிவப்பு ஒளி இந்தப் பழக்கத்தைக் குறைவாகவே கெடுக்கும் என்பதால் வானியல் ஆர்வலர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். மிக மங்கலானவற்றை நேராகப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் அவை தெரியவரும், ஏனென்றால் இருளில் வேலை செய்யும் விழித்திரைச் செல்கள் பார்வையின் மையத்தில் இல்லை.

இப்படிப் பழகிய கண்ணால், நல்ல இருட்டில் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் திரளை (கேலக்ஸி) கருவி எதுவும் இல்லாமலே பார்க்கலாம். ஒரு மங்கிய வெண்திட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒளி புறப்பட்டது ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன். மனித இனம் இன்றைய வடிவத்தை அடைவதற்கு முன்பே கிளம்பிய ஒளி, வழியில் எதன்மீதும் மோதாமல் வந்து உங்கள் கண்ணுக்குள் முடிகிறது. இதைச் சொல்லிவிட்டு நான் பேச்சை நிறுத்திவிடுவது வழக்கம். அதற்கு மேல் விளக்கம் கேட்பவர்களும் இல்லை.

இரவில் பயமாக இருக்கிறது. பயத்தோடு எப்படி ஆன்மிகம் வரும்?

பயம் வரத்தான் செய்யும். பார்வை அடங்கியதும் காது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காய்ந்த சருகின் மேல் ஓர் எலி ஓடினாலும் பெரிய விலங்கு நடப்பதாகத் தோன்றும். பகல் வெளிச்சத்திலேயே கூடாரத்தைச் சுற்றி நடந்து, எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தப் புதர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஓர் ஓசை எழும்போது அது எந்தத் திசையிலிருந்து, எதன்மேல் உரசி வருகிறது என்று கேளுங்கள். பயம் கேட்பதாக மாறும் அந்த இடத்தில்தான் பலருக்கு முதல் திறப்பு நேர்கிறது. பெருவியப்பில் அச்சமும் கலந்திருக்கிறது என்பதைப் பழைய பக்திப் பாடல்கள் பாடியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இதை வைத்து உண்மையான ஆபத்தை அலட்சியம் செய்யக் கூடாது. பெரிய வனவிலங்குகள் நடமாடும் பகுதியில் வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் தங்காதீர்கள். உணவைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். அச்சத்தால் நடுங்கி உட்கார்ந்திருப்பவர் இரவோடு இரவாகத் திரும்ப நினைத்து இருட்டில் நடப்பதுதான் பெரிய ஆபத்து. விடியும்வரை அங்கேயே இருங்கள், துணையை எழுப்பிப் பேசுங்கள்.

தனியாகப் போவதா, துணையோடு போவதா?

முதல் சில முறை துணையோடு போங்கள். துணை என்றால் பேசாமல் உட்காரத் தெரிந்தவராக இருக்க வேண்டும். குழுவாகப் போனால் சூரிய மறைவுக்குப் பிறகு ஒரு மணி நேரமும், எழுந்தது முதல் காலை உணவு வரையும் மௌனம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதை ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

நல்ல துணையால் என்ன விளையும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1903 மே மாதம் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், இயற்கையாளர் ஜான் மியூருடன் கலிபோர்னியா மாநிலத்தின் யோசெமிட்டியில் மூன்று இரவுகள் திறந்தவெளியில் தங்கினார். ஓர் இரவு மாரிபோசா தோப்பின் மாபெரும் செக்கோயா மரங்களின் கீழ்; இன்னோர் இரவில் பனி பெய்து இருவர் மீதும் படிந்தது. மியூர் தன் கருத்துகளை முகாம் தீயின் அருகே எடுத்துச் சொன்னார். 1906-இல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் மாரிபோசா தோப்பும் மாநில நிர்வாகத்திலிருந்து தேசியப் பூங்காவின் கீழ் வந்தன. அலுவலக மேசையில் இந்த உரையாடல் இதே வலிமையோடு நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மழை வந்தால் எல்லாம் வீணாகிவிடுமே?

இடியும் மின்னலும் இல்லாத மழை என்றால் கூடாரத்துக்குள் படுத்துக் கேளுங்கள். மழையின் ஒவ்வொரு தன்மையும் துணிக்கூரையில் வேறு வேறாக ஒலிக்கும். நெடுநாள் காய்ந்த நிலத்தில் முதல் மழை எழுப்பும் மணத்தை ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் ஆராய்ந்து எழுதினார்கள். தாவரங்களிலிருந்து வெளிப்பட்டு மண்ணிலும் பாறையிலும் படிந்த எண்ணெய்கள் அதில் இருக்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் அந்த மணத்தில் கலந்திருக்கிறது.

மின்னல் வந்தால் விஷயம் வேறு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடுங்கள். இடைவெளி 30 வினாடிக்குள் இருந்தால் உடனே கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போய்விட வேண்டும். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். எவ்வளவு குளிரினாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எரிக்காதீர்கள். மணமற்ற கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

தீ மூட்டலாமா?

அனுமதி இருந்து, காற்றும் வறட்சியும் இல்லை என்றால் சிறிய தீ மூட்டலாம். தீ முன்னால் மனிதர்கள் உண்மை பேசுகிறார்கள் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனால் தீ எரியும்வரை அதன் வட்டத்துக்கு வெளியே உள்ள எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சீக்கிரம் அணைத்துவிட்டு இருளுக்குத் திரும்புங்கள். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பல் கைக்குக் குளிர்ந்த பிறகே அணைந்ததாகக் கொள்ள வேண்டும்.

மரங்கள், பறவைகளின் பெயர்கள் தெரியாமல் போவது குறையா?

குறை இல்லை, ஆனால் கற்றுக்கொண்டால் கூடுதலாகப் பார்ப்பீர்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் மழை கழுவிய பாறையில் குவித்த 99 மலர்களும் பெயர் பெயராக வருகின்றன.  அந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்தால் அது ஒரு நாமாவளியாகவே ஒலிக்கும். ஒரு பயணத்துக்கு ஒரு மரம், ஒரு பறவை என்று கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை அங்கே போகும்போது தெரிந்தவரைச் சந்திக்கும் மகிழ்ச்சி இருக்கும்.

அங்கேயே எழுதலாமா?

எழுதலாம். உணர்ச்சியைப் பிறகு எழுதிக்கொள்ளுங்கள். கண்டதை அங்கேயே எழுதுங்கள். ‘பேரமைதியை உணர்ந்தேன்’ என்ற வரி ஒரு மாதம் கழித்து எதையும் திரும்பக் கொண்டுவராது. ‘நான்காம் நாழிகைக்கு ஆந்தை ஒன்று மூன்று முறை கூவியது, பிறகு ஓடையின் மறுகரையிலிருந்து பதில் வந்தது’ என்ற வரி அந்த இரவையே திரும்பக் கொண்டுவரும்.

போனேன், தங்கினேன், எதுவும் நேரவில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் மேல் எனக்குத் தனி அன்பு உண்டு, ஏனென்றால் அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்களிடம் குறை இல்லை. இன்ன நேரத்தில் இன்னது கிடைக்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுக்கிறவர்களிடம் பணமும் கொடுக்காதீர்கள், மனத்தையும் கொடுக்காதீர்கள். பலருக்குப் பயன் தெரிவது திரும்பி வந்து சில நாட்கள் கழித்துத்தான். ஒருவரிடம் கோபப்பட வேண்டிய இடத்தில் கோபம் வராமல் போகும். உணவின் முன் ஒரு கணம் கை தயங்கும். அதே இடத்துக்கு வேறு பருவத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். புதிய இடம் தேடி அலைவதைவிட, பழகிய இடத்துக்குத் திரும்பிப் போனால் அதிகம் கிடைக்கும்.

அன்புக்குரியவரை இழந்த துக்கத்தில் இருக்கிறேன். போகலாமா?

போகலாம், தனியாக மட்டும் வேண்டாம். இருளும் தனிமையும் துக்கத்தை வெளியே கொண்டுவரும். அழுகையைத் தடுக்காத ஒரு நண்பர் அருகில் இருக்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, இன்றே மருத்துவரிடமோ நெருங்கியவரிடமோ பேசுங்கள். மலையும் காடும் அங்கேயேதான் இருக்கும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள். அவர்களுக்கு ஆன்மிகம் விளக்காதீர்கள். பனித்துளியையும் நட்சத்திரத்தையும் காட்டிவிட்டு, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்தால் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் சேர்ந்து வியந்துகொள்ளுங்கள்.

தங்கிய இடத்துக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

கொண்டுபோன அனைத்தையும், பழத்தோல் உட்பட, திரும்பக் கொண்டுவர வேண்டும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். ஓடைக்குள் சோப்பு கூடாது, மக்கும் சோப்பும் கூடாது. அழகான கல்லையும் இறகையும் அங்கேயே விட்டுவிடுங்கள். சத்தமாகப் பாட்டு வைக்காதீர்கள். பக்திப் பாட்டும் அப்படித்தான். ஒலிபெருக்கியில் இறைவன் பெயரை ஒலிக்கவிட்டு அங்குள்ள பறவைகளின் குரலை மூடுவதை எந்த வழிபாட்டிலும் சேர்க்க எனக்கு மனம் இல்லை. கூடாரம் இருந்த இடத்தில் மடங்கிய புல்லை விரலால் நிமிர்த்திவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவே அவர்களுடைய காலை வழிபாடு.

உடல்நிலையாலோ வேலையாலோ வெளியே போய்த் தங்க முடியாது. என்ன வழி?

மாடியிலோ தோட்டத்திலோ ஓர் இரவு படுத்துப் பாருங்கள். சூரியன் மறைவதற்கு முன்பே போய் அமர்ந்து, விளக்கு இல்லாமல் இருளைப் பழகி, நட்சத்திரப் பயிற்சியை ஒரு சுவர் விளிம்பை வைத்துச் செய்யலாம். நகர வெளிச்சத்திலும் பிரகாசமான சில விண்மீன்கள் தெரியும். பறவைகள் சூரிய உதயத்துக்கு வெகு முன்னதாகவே பாடத் தொடங்கும்; முதல் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது, இரண்டாவது எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று கேளுங்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்குக் கிழக்குச் சன்னலைத் திறந்துவைத்தால் போதும். மற்றவர்களுக்கு ஒரு பாயும் போர்வையும் வேண்டும், கொசு இருந்தால் ஒரு வலையும்.